பி.ஓ. நம்பர் சொல்லுங்க சார்

கேட்காத சந்தாவுக்கு வரும் பில்லைத் திருப்பி அனுப்புவதற்கென்றே நடுத்தர நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஒருவர் அமைந்துவிடுவார். பதவி, சீனியர் அக்கவுண்டன்ட். ரப்பர் ஸ்டாம்ப் வைத்த டிராயரின் சாவி இவரிடம்தான் இருக்கும்.

வரும் பில்கள் எல்லாம் ஒரே ரகம்: டைரக்டரியில் கம்பெனிப் பெயர் சேர்த்ததற்கு, யாரும் கண்ணால் பார்த்திராத தொழில் மாத இதழுக்கு, இணையதள முகவரியைப் புதுப்பித்ததற்கு. தொகை எம்.டி. மேசைவரை போகும் அளவுக்குப் பெரிதாக இராது; மேனேஜர் கையெழுத்தோடு அடங்கிவிடும். தலைப்பில் 'ரெனிவல்' என்று போட்டிருப்பதில்தான் சாமர்த்தியம். புதுச் சந்தா என்றால் யார் கேட்டது என்ற பேச்சு எழும். ரெனிவல் என்றால், போன வருஷமும் கட்டியிருப்போம் போலிருக்கிறது என்று கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

சீனியர் தொகையைப் பார்ப்பதில்லை. கண் நேரே ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் போகும். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலத்துக்கு. தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவது எழுத்து 'சி' என்றால் கம்பெனி, 'பி' என்றால் தனி ஆள். மேலே பிரைவேட் லிமிடெட் என்று கொட்டை எழுத்தில் இருந்து, ஆறாவது எழுத்து 'பி' ஆக இருந்துவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

பிறகு போன் வரும். சீனியர் கேட்பது ஒன்றே: பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர்.

"உங்க பழைய மேனேஜர்தான் சார் ஓகே சொன்னார்."

"சந்தோஷம். பி.ஓ. நம்பர் சொல்லுங்க சார்."

"வாய்ல சொன்னதுதான் சார். ரெக்கார்டிங் இருக்கு."

"அனுப்பிவைங்க, கேட்டுடுவோம். புக்கை இங்க யார் வாங்கினாங்க, அந்தக் கையெழுத்தையும் சேர்த்து அனுப்புங்க."

"லீகல் நோட்டீஸ் வரும் சார்."

"வரட்டும். அட்ரஸ்தான் பில்லுலயே இருக்கே!"

நோட்டீஸ் என்றதும் பயந்து கட்டுபவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. சட்டமோ சீனியர் பக்கம். இங்கிலாந்தில் ஒருவர், தன் சகோதரர் மகனின் குதிரையை 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் கேட்டு, பதில் வராவிட்டால் அது தனக்கே என்று எழுதினார். மௌனம் சம்மதமாகாது, குதிரை அவருடையதல்ல என்று 1862இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜி.எஸ்.டி. தளத்தில் மட்டும் மௌனத்துக்கு வேறு பொருள். 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், ஏற்காமலும் நிராகரிக்காமலும் விட்ட பில் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதனால் பணம் கட்டும் கடமை எதுவும் வந்துவிடாதுதான். இருந்தாலும் மாதாமாதம் 14ஆம் தேதிக்கு முன்பே உள்ளே போய் 'நிராகரி' பொத்தானை அழுத்திவிட்டு வந்தால்தான் சீனியருக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்தக் கண்டிப்பில் அகப்பட்டுத் தவிப்பவர் பேப்பர் ஏஜென்ட். எம்.டி. வாய்ச்சொல்லாகக் கேட்டு, ரிசப்ஷனில் தினமும் விழுந்து, சீனியரே முதல் ஆளாகப் பிரித்துப் படிக்கும் அந்த நாளிதழுக்குப் பி.ஓ. கிடையாது. ஏஜென்டின் மூன்று மாத பில் டிராயரிலேயே கிடக்கிறது.