பெயர் நீக்கும் பெருந்தகை

விடிவதற்கு முன்பே ஒரு கவிதை, ஒரு கட்டுரை, உதயசூரியனின் ஒளியில் பரங்குன்ற மலையைக் காட்டும் படம் ஒன்று ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டுத்தான் நம் பெருந்தகை பல் துலக்கப் போகிறார். மூன்றின் அடியிலும் ‘அன்புடன்’ என்று அவருடைய திருநாமம் விளங்கும். மூன்றில் ஒன்றையேனும் அவர் எழுதியதாகவோ எடுத்ததாகவோ சரித்திரம் கிடையாது.

சன்னதித் தெருவில், பதினாறுகால் மண்டபத்தருகே, அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்தக் கைங்கரியத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கட்டுரையின் நடுவே அவர் தங்குவதில்லை. கட்டைவிரலின் ஒரே இழுப்பில் அடிமட்டத்துக்குப் போய், அங்கே எழுதியவர் பெயரைக் கண்டதும், சோற்றில் கல் அகப்பட்டவர்போல் முகம் சுளித்து, அதை மட்டும் சிரத்தையாக அழித்துவிட்டு, தம் பெயரைப் பதித்து, அதன் பக்கத்தில் கூப்பிய கைகள் இரண்டும் ரோஜாப்பூ ஒன்றும் சாத்துகிறார். படமென்றால் சிரமம் கொஞ்சம் கூடுதல். எடுத்தவர் பெயர் ஓரத்தில் பொறித்திருக்குமாதலால் ஓரத்தை நறுக்கியாக வேண்டும். இவ்விதம் நறுக்கப்பட்டுச் சரவணப் பொய்கை படித்துறையை இழந்தது, கோபுரம் ஒன்று வாசலை இழந்தது. நடுவானத்தில் பெயர் பொறித்த ஒரு விவேகியின் படத்தில் மட்டும், அவ்விடத்தில் வேலாயுதம் ஒன்றை ஒட்டி மறைத்துவிட்டார். பக்தர்கள் அதைக் கண்டு பரவசமடைந்தார்கள்.

“நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் தம்பி, பேருல என்ன இருக்கு?” என்பார். அப்படியானால் உங்கள் பெயர் எதற்கு என்றால், “யாரு அனுப்புனான்னு தெரிய வேணாமா?” என்பார். மேலும் வற்புறுத்தினால், “பாரதியாரு பாட்டையே அரசாங்கம் பொதுவாக்கிருச்சே!” என்று பெரிய அஸ்திரத்தை எடுப்பார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையைப் பெற்றதும், பிற்பாடு அது பொதுச் சொத்தானதும் மெய்யே. ஆனால் பொதுவானது உரிமைதானே ஒழியப் பாரதி அல்லவே! எழுத்தின் உரிமையை விற்றுவிட்டவனுக்குங்கூட, அதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதையை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-வது பிரிவில் விட்டு வைத்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில், பெயர் தெரியாத புலவர் ஒருவருக்கு அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று பெயர் சூட்டினார்கள். இவரோ தெரிந்த பெயரைத் தேடிப் பிடித்து அழிக்கிறார். மதுரைத் தருமி பிறர் பாட்டோடு பொற்கிழிக்குப் போனானென்றால், அவனுக்கு வறுமை இருந்தது; பாட்டையும் இயற்றிய இறைவனே மனமுவந்து கொடுத்தார். அந்தப் பாட்டில் குற்றம் கண்ட நக்கீரரைப் பூதம் அடைத்து வைத்த குகை இவ்வூர் மலையில்தான் என்பது ஐதிகம்.

பொய்கை மீன்களுக்குப் பொரி போடுவதைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, அன்று மாலையே அவர் பெயரைத் தாங்கி, ‘அவசியம் படிக்கவும்’ என்ற சிபாரிசுடன் எனக்கே வந்து சேர்ந்தது. படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மனிதர் கெட்டவரல்லர். பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோருக்குத் தம் கைக்காசில் மோர் வார்க்கிறார். களவாடிய எழுத்தினால் காலணா சம்பாதித்ததில்லை. ஆகையால் இது ஒருவித அப்பாவித்தனம், பெயரென்ற வஸ்துவின் மகிமை அவருக்கு விளங்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் சர்க்கரை வியாதிக்கென்று அவர் அனுப்பிய கஷாயத்தைக் குடித்து வயிறு கெட்ட இருவர் வாசலில் வந்து சத்தம் போட்டபோது, “நானா எழுதுனேன்? இந்தா பாருங்க!” என்று எழுதியவரின் பெயர், ஊர், பட்டம் அனைத்தையும் ஒரு க்ஷணத்தில் எடுத்துக் காட்டிவிட்டார். அழித்த பெயர்களையெல்லாம் எங்கேயோ பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார் போலும். பொரிக் கட்டுரையை எவராவது கண்டித்தால் என் பெயரும் வெளியே வரும் என்ற நம்பிக்கையில், அதைக் கண்டிக்கக்கூடிய ஒரு நண்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.