வெருகல் கேள்வி–பதில்

கே: ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா? (கிண்ணியா)
ப: எத்தனை அடி நடந்தீர்கள் என்று அது சொல்லும். பஸ்ஸைத் தவறவிட்டால் காலே சொல்லிவிடும்.

கே: வாயால் சொன்னாலே விளக்கை அணைக்கும் கருவி வந்துவிட்டதாமே? (மூதூர்)
ப: எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தரம் 7 படிக்கிறது. சொன்னால் கேட்பதில்லை.

கே: உங்களுக்குப் பிடித்த கைபேசி எது? (ஈச்சிலம்பற்று)
ப: யாராவது கேட்கமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நோக்கியா 1100! 2003இல் வந்து, உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பட்டன்கள், ஈரக்கையிலும் வழுக்காத விளிம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையில் ஒரு டோர்ச். செய்தவன் இரவில் வரம்பில் நடந்தவனாகத்தான் இருக்கவேண்டும். கனடா மருமகன் அனுப்பும் போனில் டோர்ச் இல்லையா? இருக்கிறது. ஆனால் முதலில் அதைத் திரையில் எங்கே என்று தேடிப்பிடிக்க வேண்டும். வேலிக்குள் வந்த யானை அதுவரை பொறுத்திருக்குமா?

கே: செயற்கை நுண்ணறிவு மனிதனை மிஞ்சுமா? (சேனையூர்)
ப: நம் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாக் கடையில் தேங்காய்க்கு விலை பேசிவிட்டு வரட்டும், பார்ப்போம்.

கே: எதற்கெடுத்தாலும் ஆப், கியூஆர். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? (தோப்பூர்)
ப: 2022 பெற்றோல் வரிசையில் செய்ததைத்தான்! அரசாங்கம் கைபேசியில் கியூஆர் கொடுத்தது. நம்மாட்கள் அதைக் கொமினிகேஷன் கடையில் அச்சடித்து, லமினேட் பண்ணி, மோட்டார் சைக்கிள் திறப்போடு கோர்த்துக்கொண்டார்கள். சார்ஜ் இறங்காது, மழைக்கு நனையாது, 'அப்டேட் செய்யவா?' என்று நச்சரிக்காது. 2023 செப்டம்பரில் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். என் அட்டை இன்னும் திறப்பில் ஆடுகிறது.

கே: மகன் கட்டாரில். வீட்டில் நானும் பேரனும்தான். வெள்ளத்துக்குக் கைபேசியை நம்பலாமா? (பூநகர், ஒரு தாய்)
ப: அம்மா, இதில் விளையாட்டு வேண்டாம். நம் ஆறு மகாவலியின் கிளை. இங்கே வெயில் எறிக்கும்போதே மலைநாட்டு மழை இறங்கி வரும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததும் நினைவிருக்கும். அதனால் வானத்தைப் பார்த்து இருந்துவிடாமல் வானொலியைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் பழைய பட்டன் போனிலேயே எடுக்கலாம். கிராம சேவகரின் நம்பரையும் சேர்த்துச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். எச்சரிக்கை கேட்டதுமே போனுக்குச் சார்ஜ் போட்டு, பொலித்தீன் பையில் முடிந்துகொள்ளுங்கள். கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போனால் சிக்னலும் போகலாம். ஆகவே தொடர்பு அறுந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள் என்று மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அவர் அங்கே பதறாமல் இருப்பார்.

கே: அடுத்த கேள்வியைக் குரல் பதிவாக அனுப்பலாமா? (கதிரவெளி)
ப: வேண்டாம் ஐயா. போன முறை உங்களைவிட உங்கள் வீட்டுச் சேவல்தான் தெளிவாகக் கேட்டது.