அஞ்சு ஊருக்கு ஒரே சட்டை

ஸ்டாக்ஹோம்
12.10.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ போன்ல கேட்டப்பவே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்துல ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்க. அதோட அது உன் கேள்வி இல்ல, கொர்லகுண்டா சின்னத்தை கேக்கச் சொன்னதுன்னு எனக்குத் தெரியாதா? "அஞ்சு ஊர் போட்டோ வந்துச்சு, அஞ்சுலயும் ஒரே சட்டை. பாப்பாவுக்குச் சம்பளம் கிம்பளம் நின்னுபோச்சா?" அதைச் சொல்றப்ப உன் குரலும் அவங்க குரல் மாதிரியே இழுத்துச்சு.

சம்பளம் மாசாமாசம் 25ஆம் தேதி டாண்ணு வருது. சின்னத்தைகிட்ட முதல்ல இதைச் சொல்லிடு. ஒரே சட்டைதான், மறைக்கல. ஆனா இல்லாமைக்குப் போட்டது இல்ல, ஸ்டைலுக்குப் போட்டது. இந்த ஊர்ல பிளேன்ல போறதுக்கு வெக்கப்படுறதுக்குன்னே ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, ஃப்ளீக்ஸ்காம்னு. பூமி சூடாகுதாம், அதனால வெக்கம். கொஞ்ச நாள் கழிச்சு, புதுத்துணி வாங்குறதுக்கு வெக்கப்படுறதுக்கும் ஒரு வார்த்தை கண்டுபிடிச்சாங்க. தீபாவளிக்கு முந்தின வாரம் உன்னையும் சின்னத்தையையும் கூட்டிட்டு வந்து இந்த ஊர்க் கடைத்தெருவுல நிறுத்தினா அந்த வார்த்தை அகராதியை விட்டே ஓடிப்போயிடும்.

நானும் ரெண்டு வெக்கத்தையும் சேர்த்துப் பட்டுக்கிட்டு, ரயில்லயே கோபன்ஹேகன், ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ்னு பதினோரு நாள் சுத்தினேன். தோள்ல ஒரே பை. அதுக்குள்ள கறுப்பு பேன்ட் ஒண்ணு, குளிருக்குக் கோட்டு ஒண்ணு, நீ காளஹஸ்தியில எடுத்துக் குடுத்த கலம்காரியில தைச்ச சட்டை, அப்புறம் அந்த வெங்கடகிரி காட்டன் புடவை. ஹாம்பர்க்லருந்து தினம் ராத்திரி சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டு, காலையில அதையே மாட்டிக்கிறது. ஆபீஸ்ல கூட வேலை செய்யற பொண்ணு என் பையைத் தூக்கிப் பாத்துட்டு, "நீ ரொம்ப முன்னேறிட்டே"ன்னு பாராட்டினா. சித்தூர்லருந்து வந்த முதல் வருஷம் நான் கொண்டுவந்த நாலு பெட்டியை அவ பாத்திருக்கா.

அந்தச் சட்டையைப் பயணத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தேனா, அதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தண்ணி காட்டல. கோபன்ஹேகன்ல ஸ்டேஷனுக்குப் போற வழியில மழை புடிச்சுக்கிச்சு. தொப்பலா நனைஞ்சு ரயில்ல ஏறி உக்காந்தேன். ஹீட்டர் போட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு வாசனை கிளம்புச்சு பாரு, சாயந்திரம் கறந்த எருமைப்பாலை மூடாம வச்சு மறுநாள் மத்தியானம் திறந்த மாதிரி. எதிர் சீட்டு ஆளு முதல்ல ஜன்னலைப் பாத்தார், அப்புறம் என்னைப் பாத்தார், அப்புறம் மெதுவா எழுந்து வேற பெட்டிக்கே போயிட்டார். பக்கத்துல இருந்த டென்மார்க்குப் பாட்டி மட்டும் போகல. மூக்கைச் சுளிக்காம, "இது என்ன துணி?"ன்னு கேட்டாங்க.

விடுவேனா. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊறவைப்பாங்க, பால்ல இருக்கற கொழுப்பாலதான் சாயம் ஊறிப் பரவாம கோடு கோடா நிக்கும்னேன். புளியங்குச்சியைச் சுட்ட கரியில படம் போடுவாங்கன்னேன். துருப்புடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கா ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பாங்க, சிவப்பு புடிக்கப் படிகாரம் வைப்பாங்க, அப்புறம் ஸ்வர்ணமுகி ஆத்துல அலசுவாங்கன்னு என் இங்கிலீஷுக்கு எட்டின வரைக்கும் சொன்னேன். ஜொன்னலகட்ட குரப்ப செட்டிகாருக்கு 2008ல பத்மஸ்ரீ குடுத்ததையும் சொன்னேன், ஏதோ அவர் நமக்குப் பெரியப்பா முறைங்கற மாதிரி. பாட்டி எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அந்த எருமையை நல்லா வச்சுக்கறாங்களா?"

நான் என்ன சொல்ல? நம்ம மிட்டூர் எருமைங்க ரோட்டு நடுவுல படுத்தா ஆர்.டி.சி. பஸ்ஸே ஒதுங்கிப் போகுதுன்னு சொன்னேன். பாட்டிக்குத் திருப்தி.

புடவையைப் பத்தித் தனியாச் சொல்லணும். அதைவிடப் பயணத்துக்கு உதவற துணி உலகத்துலயே கிடையாதும்மா. ஹாம்பர்க்ல ஒரு ரூம்ல எட்டுப் பேர் படுக்கற விடுதி. மேல்கட்டில் கம்பியில அதைக் கட்டித் திரை போட்டுக்கிட்டேன். ஆம்ஸ்டர்டாம்ல குளிருக்கு நாலா மடிச்சுப் போர்த்திக்கிட்டேன். பிரஸ்ஸல்ஸ்ல துண்டு. பாரிஸ்ல கடைசி நாள் சாயந்திரம், கோட்டுக்கு மேல ஷூ காலோட அதையே கட்டிக்கிட்டு ஆத்தங்கரையில நடந்தேன். ஒரு அம்மா நிறுத்தி, யாரு டிசைனர்னு கேட்டாங்க. வெங்கடகிரின்னேன். மிலான்ல கடையான்னாங்க. இல்ல, எங்க பக்கம், திருப்பதி மாவட்டத்துல இருக்குன்னேன். 2022 வரைக்கும் நெல்லூர்ல இருந்த விவரமெல்லாம் அந்த நேரத்துல சொல்லத் தோணல. (அந்தப் போட்டோவை ஏன் அனுப்பலன்னு கேக்காதே. கொசுவம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது, நீ பாத்தா போன்லயே சரி பண்ணச் சொல்லுவே.)

இதுக்கெல்லாம் இங்க வகுப்பு எடுக்கறாங்க. ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்து, குறைஞ்ச துணியில அழகா எப்படிப் பயணம் போறதுன்னு படிச்சுட்டு வந்தேன். டீயோட சேத்துக் காசு வாங்கினாங்க. மத்தியானத்துக்கு மேல எனக்கு நைனா காசிக்குப் போனது ஞாபகம் வந்துடுச்சு. ஒரு மஞ்சப்பை, ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் குளிக்கறப்பத் துவட்ட, வெயிலுக்குத் தலைப்பா, ரயில்ல சீட்டுப் புடிக்க, ராத்திரிக்குத் தலைகாணி, கோயில்ல மேல்துணி. பதினெட்டு நாள் போயிட்டு வந்து, போனப்ப இருந்ததைவிட வெள்ளையா வந்து நின்னார். அவர் அப்ப ஒரு வகுப்பு எடுத்திருந்தா இன்னைக்கு நமக்கு கிரீம்ஸ்பேட்டையில மாடி வீடு.

நான் எப்படி இருந்தவன்னு உனக்குத் தெரியாததா? ஒன்பதாவது படிக்கிறப்ப, கங்கஜாத்திரைக்கு அக்காவோட பாவாடை தாவணியைக் கட்டிக்கச் சொன்னதுக்கு ரெண்டு வேளை சாப்பிடாம கிடந்தேனே. கூடப்பிறந்தவ கட்டினதைக் கட்ட மாட்டேன்னவ, இப்ப யாருன்னே தெரியாத ஸ்வீடன் பாட்டியோட கோட்டைப் போட்டுக்கிட்டுத் திரியறேன். கோபப்படாதே. எஸ்கில்ஸ்டுனாங்கற ஊர்ல ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கு, ரீடூனான்னு பேரு. உள்ள விக்கறதெல்லாம் ஜனங்க வேண்டாம்னு குடுத்த பழசும், அந்தப் பழசுலருந்து செஞ்சதும்தான். 2015ல திறந்தாங்க, உலகத்துலயே அந்த மாதிரி முதல் வளாகம் அதுதானாம். அங்கதான் அந்தக் கோட்டை எடுத்தேன், நீலக் கம்பளி, உள்பக்கம் பட்டு. பாக்கெட்டுல கைவிட்டா ஒரு பஸ் டிக்கெட்டும், உரிக்காத மிட்டாய் ஒண்ணும். பாட்டி உயிரோட இருக்காங்களான்னு நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், எனக்குத் தெரியாது. மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தான் போட்டேன். குளியலறையில, யாரும் பாக்காம.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், நெஞ்சைப் புடிச்சுக்கோ. இங்க ஒரு கடையில பழைய பட்டுப்புடவையை வெட்டிப் பாவாடை தைச்சு மாட்டியிருக்காங்க. ஒரு பாவாடை 600 குரோனா. நம்ம ரூபாயில அஞ்சாயிரத்துக்கு மேல. ஒரு புடவையில ரெண்டு பாவாடை வரும். நீ நாலு புடவையைப் போட்டு ஒரு இட்லி குண்டான் வாங்கினே, அதுக்கும் பாத்திரக்காரர்கிட்ட அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஒரு கரண்டி கூடுதலா வாங்கினேன்னு பெருமை வேற. கணக்குப் போட்டுப் பாத்தேன். நாப்பதாயிரம் ரூபா குண்டான்ல நாம இட்லி ஊத்திக்கிட்டு இருக்கோம்.

அதே ஊர்லதான் பேன்ட்டுல ஜிப் மாத்தப் போனேன். டெய்லர் சொன்ன கூலியில புது பேன்ட் வாங்கிட்டு மிச்சத்துல காபியும் குடிக்கலாம். பழசைப் பத்திரமா வச்சுக்கணும்னு எல்லாரும் பேசறாங்க, தைக்கத்தான் ஆளைக் காணோம். காந்தி சிலைகிட்ட மெஷின் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரே அவரை மட்டும் இங்க கொண்டுவந்து இறக்கினா, மூணு மாசத்துல அவருக்கே டிரைவர் வச்சுக்குவார்.

சரி, நைனா பனியன் கதைக்கு வரேன். சிரிக்காம படி.

நான் கிளம்பறப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்டுல, மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடைஞ்சிடும்னு நைனா தன்னோட பழைய பனியன்ல சுத்திப் பெட்டிக்குள்ள திணிச்சாரே, அந்தப் பனியன். ரெண்டு வருஷமா அதுதான் எனக்குக் கரித்துணி. போன டிசம்பர்ல பாத்தா, கை போற ஓட்டை எது, கிழிஞ்ச ஓட்டை எதுன்னு தெரியல. தூக்கிப் போட்டுடலாம்னு நெனச்சு, சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். அதுதான் தப்பு. ஜனவரி 1லருந்து சட்டம் வந்துடுச்சு, துணியைக் குப்பைத்தொட்டியில போடக்கூடாதுன்னு. துணிக்குப்பையைத் தனியாச் சேகரிக்கணும்னு ஐரோப்பா முழுக்க வந்த விதிதான், இவங்க எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிட்டாங்க. ஓட்டை சாக்ஸ், நாடா போன பாவாடை, நைனா பனியன், எதுவும் தொட்டிக்குள்ள போகக்கூடாது.

முதல்ல தானத்துணிப் பெட்டிக்குக் கொண்டுபோனேன். 'கிழியாத, உடுத்தக்கூடிய துணி மட்டும்'னு போட்டிருந்துச்சு. திரும்பி வந்துட்டேன். அடுத்து, ரெண்டு பஸ் மாறி ஊருக்கு வெளிய இருக்கற குப்பை மையத்துக்குப் போனேன். அங்க கிழிஞ்ச துணிக்குன்னே ஒரு கூண்டு. பனியன்லருந்து வந்த வாசனைக்கு அந்த ஆளு கையுறையைப் போட்டுக்கிட்டு ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சார். நடுவுல மஞ்சளாச் சிவப்பா, வெள்ளி நாணயம் அளவுக்கு ஒரு கறை. "எண்ணெயா?" "மாங்காய் ஊறுகாய்." "அழுக்குத் துணி வாங்க மாட்டோம். துவைச்சு, காய வச்சுக் கொண்டு வாங்க."

குப்பையில போடறதுக்குத் துணியைத் துவைச்சவ நம்ம வம்சத்துலயே நான்தான்.

அதுவும் நினைச்சப்ப துவைக்க முடியாது. அடுக்குமாடிக்கெல்லாம் சேர்த்துக் கீழ ஒரே துவைக்கற அறை, முன்னாடியே நேரம் பதிஞ்சு வைக்கணும். எனக்குக் கிடைச்சது வியாழக்கிழமை ராத்திரி ஏழுலருந்து பத்து. அறுபது டிகிரியில மூணு சுத்து விட்டேன். சாயம் போச்சு, எலாஸ்டிக் போச்சு, கம்பெனி பேரு போச்சு. கறை மட்டும் அப்படியே இருக்கு. என்ன மஞ்சத்தூள் போட்டேம்மா அதுல? மறுநாள் கதவுல யாரோ சீட்டு ஒட்டியிருந்தாங்க: 'மெஷின் வடிகட்டியில மஞ்சள் பஞ்சு இருக்கு. எடுத்துட்டுப் போகவும்.' கடைசியில ரெண்டு சிரிப்புப் பொம்மை. இந்த ஊர்ல சிரிப்புப் பொம்மை போட்டா ரொம்பக் கோபம்னு அர்த்தம்.

மறுபடி ரெண்டு பஸ். கூண்டு நிரம்பி வழியுது, அடுத்த மாசம் வாங்கன்னாங்க. நான் மட்டும் இல்ல, நாடே ஓட்டை சாக்ஸோட வரிசையில நிக்குது. இதுல வேடிக்கை, அப்படிச் சேர்த்த கந்தல்ல நிறைய கடைசியில எரிக்கத்தான் போகுதாம். குப்பையை எரிச்ச சூட்டுலதான் இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு வெந்நீர் குழாய் ஓடுது. நைனா பனியன் எரிஞ்சு எனக்குக் குளிர் காயணும், அதுக்கு நான் ஒன்பது மாசம் அதைத் தூக்கிக்கிட்டு அலையணும்! கவர்மென்ட்டுக்கே பொறுக்கல. இந்த அக்டோபர் 1லருந்து, நைஞ்சுபோன துணியைச் சாதாரணக் குப்பையிலயே போடலாம்னு சட்டத்தைத் தளர்த்திட்டாங்க.

அன்னைக்குக் காலையிலேயே எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கினேன். தொட்டி மூடியையும் திறந்தேன். மழை லேசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. பனியன் நனைஞ்சதும் மூணு தடவை துவைச்ச ஊறுகாய் வாசனை சன்னமா வந்துச்சு. மூடியைச் சாத்திட்டு மேல வந்துட்டேன். ஜன்னல் கண்ணாடி துடைக்க வேற துணி இல்லைன்னு வச்சுக்கோ.

தீபாவளிக்கு எனக்குத் துணி எடுக்காதே, காசை அக்காகிட்ட குடுத்துடு. இது வெக்கத்துல சொல்லல, பை நிரம்பிடுச்சு. நைனாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு நீ எழுது. அவரைக் கேட்டா அலிபிரி படி ஏறிட்டு வந்தேங்கறார்.

நவம்பர்ல ஆபீஸ் பையன் ஒருத்தன் வேலூர் வந்துட்டுத் திரும்பறான். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கான். ஊறுகாய் ரெண்டு பாட்டில் குடுத்துவிடு, பிளாஸ்டிக் பையில போடாதே. உன்னோட அரக்குப் பட்டுப்புடவையில சுத்து. அது ஏற்கெனவே தோசைக்கல்லா மாறிடுச்சுன்னா பரவாயில்ல, நைனாவோட இன்னொரு பனியன் இருக்குமே, அதுல சுத்து. புதுசை எடுக்காதே. ஓட்டை இருக்கறதாவே பாரு.

உன்
பாப்பா