குண்டு விழுந்த இடமெல்லாம் கும்பினி நிலம்

கடலூர்ப் பக்கம் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதை எதிர்கொள்ள நாம் கண்டுபிடித்த ஒரே பொறியியல் சாதனம் மங்கி குல்லா. ஆருத்ரா தரிசனத்தன்று விடியற்காலையில் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தின் முன்னால் போய்ப் பாருங்கள். காதைப் பொத்திக்கொள்ளாமல் நிற்பவர் நடராஜர் ஒருவர்தான். அவருக்குக் கயிலாயத்துப் பழக்கம்.

கனடாக்காரன் பாடு வேறு. அங்கே வாசலில் இடுப்பளவு பனி. கதிரடிக்கும் மெஷின் வைக்கோலை ஊதித் தள்ளுவதைப் பார்த்த ஆர்தர் சிகார் என்பவர், பனியையும் இப்படித் தள்ளினால் என்ன என்று யோசித்து, 1925இல் ஒரு வண்டியைச் செய்தார். முன்னால் வாரும், மேலே ஒரு தகரக் குழாய் வழியாகத் துப்பும். அன்றிலிருந்து இன்று வரை மனிதர்கள் அந்தக் குழாயைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். திருப்புவதற்குக் கைப்பிடி வைத்தார்கள். தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நுனியில் ஒரு மூடி வைத்தார்கள். ஈரப்பனி ஒட்டாமலிருக்க உள்ளே வழுவழு பிளாஸ்டிக் ஒட்டினார்கள். உள்ளே சுற்றும் விசிறிக்கும் கூண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்தார்கள். எல்லாம் இரண்டே கேள்விக்காக: எவ்வளவு தூரம் போகும்? யார் வாசலில் விழும்?

இந்த இரண்டு கேள்விக்கும் 1690இலேயே விடை கண்ட ஊர் கடலூர். குழாய்தான் கொஞ்சம் கனம். அதன் பெயர் பீரங்கி.

அப்போது செஞ்சியில் மராத்திய மன்னர் ராஜாராம். வெளியே ஔரங்கசீப்பின் படை. உள்ளே கஜானாவில் காற்று. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. பெயரிலேயே எலியை வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலை பேசினார். பேரம் முடிந்தது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்?

நம் ஊரில் அரை சென்ட் மனைக்கே நான்கெல்லை எழுதாமல் பத்திரம் பதிய மாட்டார்கள். இந்தப் பத்திரத்தின் நான்கெல்லை என்ன தெரியுமா? கிழக்கே கடல். வடக்கே குண்டு, தெற்கே குண்டு, மேற்கே குண்டு. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அதுவரைக்கும் கும்பினிக்கு.

அதில் ‘ரேண்டம் ஷாட்’ என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு ரேண்டம் என்றால் குத்துமதிப்பு. அன்றைய பீரங்கிக்காரர் பாஷையில், குழாயின் வாயை நன்றாக மேலே தூக்கி, எட்டுகிற மட்டும் எட்டவிடுவது என்று அர்த்தம். செஞ்சிக் குமாஸ்தா, ‘குண்டு எவ்வளவு தூரம்தான் போய்விடும், குளத்தங்கரை தாண்டாது’ என்று தலையாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். குழாயின் சாய்வை மாற்றினால் தூரம் மாறும் என்பதை அவருக்கு யார் சொல்வது?

யேல் சொல்லவில்லை. சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார். எல்லாம் சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது என்று குறிப்பும் காட்டினார். பீரங்கியைத் திசை திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். கடலூர் நகரமே உள்ளே வந்து விழுந்தது. அறுவடை பற்றிப் பேசிக்கொண்டிருந்த விவசாயிக்கு, மாலைக்குள் துரை மாறிவிட்டார். அளவுச் சங்கிலி இல்லை, சர்வேயர் இல்லை, ‘ஆட்சேபணை உண்டா’ என்ற தண்டோராவும் இல்லை. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது.

யேல் 1692இல் பதவி இழந்தார். ஊழல் புகார். பிறகு அவர் அனுப்பிவைத்த சாமான்களுக்கு நன்றியாக அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. நம் ஊருக்கு மிஞ்சியது குண்டு.

ஆனால் குழாய் எப்போதும் ஒரே பக்கம் துப்பாது. 1758இல் பிரெஞ்சுக்கார லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1781 ஜூனில் ஐர் கூட் என்ற கும்பினித் தளபதி, ஹைதர் அலியின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். கடலூரில் பலித்த பீரங்கி தில்லையில் பலிக்கவில்லை.

அடுத்த பெரிய குழாய் நெய்வேலியில் வந்தது. 1957 மே 20ஆம் தேதி நேரு பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஜெர்மனியிலிருந்து மண் தோண்டும் ராட்சத வாளிச் சக்கரங்கள் வந்தன. எதிரே நின்றது பூமியின் மேலடுக்கு. பெயர் ‘கடலூர் மணற்கல்’. பெயருக்கேற்ற பிடிவாதம்! வாளிப் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. வெடி வைத்துத் தளர்த்திவிட்டுத்தான் தோண்ட வேண்டியிருந்தது. தோண்டிய மண் பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்குத் தாவும் இடமெல்லாம் ‘சூட்’ என்ற சரிவுக் குழாய். ஐப்பசி மழையில் களிமண் அதன் தொண்டையில் அப்பிக்கொள்ளும். கனடாவில் ஈரப்பனி செய்கிற அதே வேலை. மண்ணைத் துப்பித் துப்பி ஒரு மலையே எழுந்தது. தோண்டிய இடத்திலும் ஊர் இருந்தது, கொட்டிய இடத்திலும் ஊர் இருந்தது.

கடலூர் போனால் குண்டு உப்பலவாடியில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 330 வருடத்துக்கு மேல் பழைய பத்திரம் அது. வீட்டுக்கு வந்து உங்கள் மனைப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நான்கெல்லையில் அடி, அங்குலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.