கறுப்பு ரோஜாக்காரர்

கறுப்பு ரோஜாக்காரர் மொட்டைமாடியில் காணப்படுபவர். சென்னையின் புறநகர்களிலும், கோவை, திருச்சி முதலிய ஊர்களின் விரிவாக்கப் பகுதிகளிலும் அதிகம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கி, மின்வாரியம், கல்லூரி இவற்றில் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லையென்றால் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார். மாடித் தோட்டக்காரர்கள் என்ற பெருங்கூட்டத்தில் இவரும் ஒரு பிரிவுதான். ஆனால் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர்களோடு சேர்த்துப் பேசினால் முகம் சுருங்கிவிடும். அவர்களுக்குக் காய் காய்த்தால் போதும். இவருக்கு வரவேண்டியது உலகத்தில் இல்லாத ஒரு நிறம்.

கறுப்பு ரோஜா என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் அடர்சிவப்பு, கருஞ்சிவப்பு, மெரூன் வகையறா. ஆந்தோசயனின் என்னும் நிறமி இதழில் செறிந்திருப்பதும், இதழின் வெல்வெட்டு மேற்புறத்தில் வெளிச்சம் சிக்கிக்கொள்வதும் சேர்ந்து கறுப்பாகக் காட்டுகின்றன. இது கறுப்பு ரோஜாக்காரருக்கு நன்றாகவே தெரியும். கேட்டால் முதலில் அவரே இதை விளக்குவார். விளக்கி முடித்த கையோடு, "ஆனா நம்மகிட்ட இருக்கிற செடி கொஞ்சம் வேற" என்பார்.

ரோஜாக்களின் பூர்வீகம் அவருக்கு அத்துப்படி. பிரான்ஸின் மெய்லாண்ட் குடும்பத்தார் 1963இல் தந்த 'பாப்பா மெய்லாண்ட்', அமெரிக்காவின் 'ஓக்லஹோமா', 'மிஸ்டர் லிங்கன்' மூன்றும் உடன்பிறப்புகள். தாய் 'கிறைஸ்லர் இம்பீரியல்', தந்தை 'சார்லஸ் மல்லரின்'. சொந்தத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர், இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மெய்லாண்ட் நிறுவனத்தின் இன்னொரு படைப்பான 'பிளாக் பக்காரா'வுக்கு நிறம் உண்டு, வாசம் பேருக்குத்தான் என்பதையும், 'பாப்பா மெய்லாண்ட்' வாசம் தூக்கும், ஆனால் நோய் சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் வரன் பார்க்கும் தரகரின் நிதானத்தோடு எடுத்துரைப்பார். துருக்கியில் யூப்ரடீஸ் கரையிலுள்ள ஹல்ஃபெட்டி ஊரில் கறுப்பு ரோஜா பூக்கிறது என்று இணையத்தில் உலவும் படங்களில் பல கணினியில் கறுப்பாக்கப்பட்டவை. அங்கே பூப்பதும் கருஞ்சிவப்புதான். இதைச் சொன்னால் மறுக்கமாட்டார். "நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

செடி வாங்குவது சாலையோர நர்சரியில். அங்கே வரும் செடிகள் பெரும்பாலும் கோதாவரிப் பக்கத்துக் கடியத்திலிருந்தோ, ஓசூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்தோ லாரி ஏறியவை. பெயர்ச்சீட்டெல்லாம் இருக்காது. பட்டன் ரோஜா, பன்னீர் ரோஜா தவிர மற்றவற்றுக்கு நிறம்தான் பெயர். அந்த நிறத்தை நர்சரிக்காரர் செடியைப் பார்த்துச் சொல்வதில்லை, வாங்க வந்தவரைப் பார்த்துச் சொல்கிறார்.

"இது பிளாக்தானேப்பா?"

"பிளாக்தான் சார். மொட்டு விடட்டும், அப்பப் பாருங்க."

இதில் பொய்யே இல்லை. கருஞ்சிவப்பு வகைகளின் மொட்டு, மலர்ந்த பூவைவிடக் கறுத்துத்தான் இருக்கும். விரிய விரியச் சிவப்பு தெளியும். கறுப்பு ரோஜாக்காரரின் வாழ்வில் நல்ல நேரம் என்பது மொட்டுக்கும் பூவுக்கும் நடுவிலுள்ள ஓரிரு நாள்தான்.

இந்த இனத்தில் இளையவர்கள் சிலர் கடையில் விதை பாக்கெட் வாங்குவார்கள். மேலட்டையில் கரிக்கட்டை நிறத்தில் ஒரு ரோஜா. ஒட்டு ரகத்தின் விதையிலிருந்து தாய்ச்செடியின் பூ அப்படியே வராது என்பதால்தான் உலகமெங்கும் ரோஜாவை வேறொரு ரோஜாவின் அடிச்செடியில் மொட்டுக்கட்டிப் பெருக்குகிறார்கள். பாக்கெட் விதையிலிருந்து பல வீடுகளில் முளைத்தது குப்பைமேனி. அதற்கும் மூன்று வாரம் மண்புழு உரம் போட்டவர்கள் உண்டு.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் குப்பை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. டீத்தூள், வாழைப்பழத்தோல், வெங்காயச் சருகு எல்லாம் மாடியேறிவிடும். முட்டை சேராத வீடாக இருந்தால் ஓட்டுக்கு எதிர்வீட்டில் சொல்லிவைத்திருப்பார். மீன் கழிவும் வெல்லமும் ஊறிய மீன் அமிலத்தை மூன்றாம் மாடியில் திறந்தால் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். துரு ஆணியைத் தொட்டியில் புதைத்தால் பூ கறுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அதையும் செய்திருப்பார். துருவிலுள்ள இரும்பு செடிக்கு எளிதில் கிட்டாது. அடுத்த முறை மண் மாற்றும்போது விரலுக்குத்தான் கிட்டும்.

உண்மையில் நிறத்தைத் தீர்மானிப்பது உரத்தைவிட வானிலைதான். குளிர்ந்த நாட்களில் இதழின் சிவப்பு ஆழும். வெப்பத்தில் பூ சிறுத்து நிறம் வெளுக்கும். கறுத்த இதழ் வெயிலை அதிகம் வாங்குவதால் ஓரம் தீய்ந்தும் போகும். நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டாலோ ரோஜா சரியாகப் பூக்காது. ஆகவே காலை வெயில் வேண்டும், பிற்பகல் வெயில் ஆகாது. தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் இதற்குத் தோதான இடம். அங்கே நாலு தொட்டிதான் கொள்ளும், அவரிடம் இருப்பதோ இருபது. முறை வைத்து இழுத்து இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டதை வெளியில் சொல்லமாட்டார். சித்திரையில் ஓரம் தீய்ந்த பூவைக் காட்டி, "பாருங்க, ஓரத்துல கறுப்பு இறங்க ஆரம்பிச்சிருக்கு" என்று சொன்னவரும் உண்டு.

மாடியில் ஐயத்துக்கு இடமில்லாமல் கறுப்பாக இருப்பது ஒன்றே ஒன்று. அது இலையில் வரும் கரும்புள்ளி நோய். ஐப்பசி மழையில் இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சைக்குப் போதும். புள்ளி விழுந்து, இலை மஞ்சளாகி, செடி மொட்டையாகிவிடும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும், மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமலிருப்பதும்தான் முதல் வைத்தியம். வாழ்நாளெல்லாம் கறுப்பைத் தேடியவர் இதை மட்டும் வரவேற்பதில்லை.

பூத்த பூவைப் பறிக்க விடமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மனைவி தெருவில் ரோஜாவைப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது மாடியில் ஒன்பது பூ ஆடிக்கொண்டிருக்கும்.

"என்னங்க, சாமிக்கு ஒண்ணாவது பறிச்சுக் குடுங்களேன்."

"செடியில இருந்தாத்தாம்மா அழகு."

"கறுத்த பூவைச் சாமிக்கு வைக்காதேடா" என்று அம்மா குறுக்கிடும் வீடுகளில் அவருக்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவாது. அந்தப் பூவைக் கறுப்பு என்று அவரைத் தவிர ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அம்மாதான்.

மற்றவர்களுக்குக் கைப்பேசிப் படம். மாலை ஆறு மணிக்கு, பின்னால் கறுப்புக் குடையை விரித்து, வெளிச்ச அளவை அடிவரை இறக்கி எடுப்பார். வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நாற்பது பேர் கைகூப்புவார்கள். ஒருவர் மட்டும், "சார், இது சிவப்புதானே?" என்று கேட்பார். அவர் பதில் பெறுவதில்லை.

எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் ஆபத்து செடியின் அடியிலேயே இருக்கிறது. மேலே கட்டிய மொட்டு நலிந்தால், ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து ஒரு தளிர் வாட்டசாட்டமாகக் கிளம்பும். அதை உடனே, கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெறிய வேண்டும். கறுப்பு ரோஜாக்காரர் மகிழ்ச்சியில் அதற்கு வேப்பம்புண்ணாக்கு வைப்பார். ஒரு வருடத்தில் அது ஆளுயரம் வளர்ந்து, கொத்தாகச் சின்னச்சின்னப் பூ விடும். அதற்குள் பழைய ரகம் பட்டுப்போயிருக்கும்.

இத்தனைக்கும் தெருவிலேயே நல்ல சிவப்பு ரோஜா அவர் வீட்டில்தான் இருக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழியில் போகலாம். ஐப்பசிக் கடைசியில் கவாத்து செய்த செடி சுமார் நாற்பத்தைந்து நாளில் பூக்கும், பனியில் நிறமும் நன்றாகத் தேறியிருக்கும். சித்திரையில் போகிறவர்களுக்குப் படம்தான் கிடைக்கும்.