லாரிக்கு மூச்சுத் திணறுமா?

கேள்வி: ஒரகடத்தில் பிறக்கும் லாரியின் மூக்கிலேயே நம்பர் பிளேட்டை மாட்டிவிட்டால், அது எப்படி மூச்சு விடும்?

பதில்: முதுகால். 2012 முதல் ஒரகடத்தில் உருவாகும் பாரத்பென்ஸ் போன்ற கனரக லாரிகளில், டீசலை எரிப்பதற்காக எஞ்சின் இழுக்கும் காற்று பெரும்பாலும் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் குழாய் வழியாகவே நுழைகிறது. முன்பக்கக் கிரில் வழியே புகும் காற்றோ, எஞ்சினைச் சுற்றிவரும் சூடான நீரைத் தணிக்கும் ரேடியேட்டருக்கு உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 50 கனரக வண்டிக்குக் கேட்பது 340க்கு 200 மில்லிமீட்டர் பலகை மட்டுமே என்பதால், அது பம்பரில், காற்றுத்துளை இல்லாத பகுதியில் அமர்ந்துவிட்டால் ரேடியேட்டருக்கும் இடையூறில்லை. காற்றை உண்மையில் மறிப்பவை, எந்த விதியும் கேட்காத கூடுதல் விளக்குகளும், ஆயுதபூஜை முடிந்து வாரங்களாகியும் கழற்றப்படாத வாழைக்கன்றும்தான்.