அறிவியல் ஆய்வில் வாளியின் இடம்: ஒரு பன்முகப் பார்வை

அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போகிறவர் என்னென்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுரை சொல்லாத மூத்தவர்கள் இல்லை. ஆனால் அந்த அறிவுரைகள் யாவும் மூளையைப் பற்றியவை. குளியலறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்தப் பெருங்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள்: சேர்வதற்கு முன் செய்யக்கூடிய ஆயத்தங்களில் பயன் உறுதியானது ஒன்றே ஒன்றுதான், அது வாளி வாங்குவது. எல்லை: இந்தியக் கல்வி நிறுவனங்களின் விடுதிகளில் தங்கி ஆய்வு செய்வோர். முதன்மை ஆதாரம்: வாளி. துணைமை ஆதாரம்: வாளியைப் பற்றி அறிஞர்கள் சொன்னவையும் சொல்ல மறந்தவையும். வாளி என்ற சொல்லின் வேரைத் தேடி இக்கட்டுரை இறங்காது. அந்தக் கிணற்றில் இறங்கிய ஒருவரும் இன்னும் மேலே ஏறி வரவில்லை.

ஆயத்தங்கள் ஐவகைப்படும்: தாள், பணம், நூல், நெறியாளர், வாளி. தாளாவது, தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், இவற்றின் ஜெராக்ஸ், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த இன்னொரு ஜெராக்ஸ், ஒரு கட்டுப் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அலுவலகம் கேட்பது எப்போதும் ஊரில் விட்டுவந்த சான்றிதழைத்தான். பணமாவது, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து மதிப்பீட்டில் தேறி முதுநிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. இதில் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதில்தான் பல பள்ளிகள் உண்டு. முதல் சில மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோவதே உசிதம் என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான முடிவு. நூலாவது, வாங்கலாம். நெறியாளராவது, அவருடைய கட்டுரைகளைப் படிப்பதோடு அவருடைய மாணவர்களோடு டீயும் குடித்துப் பார்க்க வேண்டும். இரண்டில் இரண்டாவது நம்பகமான ஆதாரம். இதற்கு மேல் இதை விரித்தெழுதும் மாணவர் எவருக்கும் வைவா தேதி கிடைக்காது என்பதால் இவ்வகை இங்கே முற்றிற்று. ஐந்தாவது வகையே இனி.

மற்ற நான்கும் ஏன் தோற்கின்றன என்பதை முதலில் நிறுவ வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு, மறுபதிவு தனி. தொடக்கத்தில் குறைந்தது 12 கிரெடிட் பாடம் படித்துத் தேற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று, செய்ததையும் செய்யப்போவதையும் சொல்ல வேண்டும். இத்தனை காலத்தில் சேரும்போது மனத்தில் இருந்த தலைப்பு மாறும். தலைப்பு மாறாவிட்டால் கருவி பழுதாகும். கருவி ஓடினால் அதே முடிவை வேறொரு ஆய்வகம் முந்திக்கொண்டு வெளியிட்டுவிடும். விடுமுறை முழுக்க உட்கார்ந்து கற்ற மென்பொருளை அந்த ஆய்வகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரியவரும். ஆய்வு என்பதே இன்னது கிடைக்கும் என்று தெரியாத வேலை; தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் ஆய்வு அல்ல, கொள்முதல். தெரியாததற்கு எப்படி ஆயத்தமாவது? மறுநாள் காலையில் குளிக்க வேண்டியிருக்கும் என்பதோ ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். எனவே கருதுகோள் பாதி நிறுவப்பட்டது (காண்க: விடுதி அறிவிப்புப் பலகை, கீழ் வரிசை).

அடுத்து அளவு. இந்திய நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது பொறியாளர் மரபு. பாடப்புத்தகங்கள் அதைப் பிரித்தும் காட்டும்: குளிக்க 55, துணி துவைக்க 20, கழிவறைக்கு 30, எஞ்சியது சமையல், குடிநீர், பாத்திரம், வீடு கழுவுதல். இந்த 55 லிட்டரை எந்த வாளியால் வகுப்பது என்பதே விடுதியியலின் மையச் சிக்கல். 16 லிட்டர் வாளியென்றால் 3.4375 வாளி, 20 லிட்டர் வாளியென்றால் 2.75, 25 லிட்டர் வாளியென்றால் 2.2. கடையில் கிடைக்கும் இந்த அளவுகள் எதிலும் முழு எண் வரவில்லை. ஐந்து லிட்டர் வாளியில் மட்டும் மிச்சமின்றி 11 வருகிறது, ஆனால் ஐந்து லிட்டர் கொள்வதை வாளி என்று ஏற்பதா, பருத்த மக் என்று ஒதுக்குவதா என்பதில் இரு கட்சிகள் உண்டு (குளியலறைக் கதவு, உட்புறம், தாழ்ப்பாளுக்குக் கீழே, பென்சில், பிற்பகுதி பெயிண்ட் பூசி அழிந்தது). துவைக்கும் கணக்கான 20 லிட்டரைக் கொண்டு நோக்கினால் சிக்கல் அவிழ்கிறது: 20 லிட்டர் வாளியில் சரியாக ஒரு வாளி. முழு எண் தருவது எதுவோ அதுவே இயற்கையின் விருப்பம் என்று நம்புவது இயற்பியலாளர் வழக்கம் என்பதால் 20 லிட்டரே இங்கே பரிந்துரைக்கப்படுகிறது. நிறைந்த வாளியின் தண்ணீர் மட்டும் 20 கிலோ. குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் அதைக் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குத் தூக்குபவர் செய்யும் வேலையை எந்தக் குழுவும் கிரெடிட்டாக ஏற்பதில்லை.

வாளி அறிவியலுக்குப் புறம்பான பொருள் என்று முகம் சுளிப்போர் வரலாறு அறியாதவர்கள். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியா நூலில், இயக்க விதிகளைச் சொல்வதற்கு முன்பே, ஒரு வாளியைக் கயிற்றில் தொங்கவிடுகிறார். கயிற்றை நன்றாக முறுக்கி, வாளியில் தண்ணீர் ஊற்றி, கையை விடுகிறார். முதலில் வாளி மட்டும் சுழல்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு மட்டமாகவே இருக்கிறது. பிறகு தண்ணீரும் சேர்ந்து சுழல, நடுவில் குழிந்து ஓரங்களில் ஏறுகிறது. வாளியும் தண்ணீரும் ஒன்றாகச் சுழலும்போது, அதாவது ஒன்றையொன்று பார்த்தால் அசைவே இல்லாதபோது, மேற்பரப்பு குழிந்திருக்கிறது. ஆகவே சுழற்சி வாளியைப் பொறுத்ததல்ல, தனிமுதல் வெளியைப் பொறுத்தது என்றார் நியூட்டன். எர்ன்ஸ்ட் மாக் 1883இல் இதை மறுத்தார்: வாளியின் சுவர் பல காதத் தடிமனுக்குப் பருத்தால் என்ன ஆகும் என்று யார் சொல்ல முடியும்? தண்ணீரைக் குழிய வைப்பது வெட்டவெளி அல்ல, தொலைவிலுள்ள விண்மீன்கள் உள்ளிட்ட பொருள்திரளாகவும் இருக்கலாமே? இந்தக் கேள்வி ஐன்ஸ்டைனைப் பொதுச் சார்பியலின் பக்கம் தள்ளியவற்றில் ஒன்று. ஆக, அண்டவெளியின் இயல்பு குறித்து இருநூறாண்டுக்கும் மேல் நடந்த வழக்கில் நேரில் கண்ட சாட்சி ஒரு வாளிதான். நியூட்டன் அதன் விலையையோ நிறத்தையோ விற்பனையாளரின் பெயரையோ குறிப்பிடவில்லை. இன்றைய ஆய்விதழாக இருந்தால் செய்முறைப் பகுதி முழுமையற்றது என்று திருப்பி அனுப்பியிருக்கும். கூடவே, தொடர்புடைய முன்னோடி ஆய்வுகள் என்று மதிப்பீட்டாளர் தம்முடைய கட்டுரைகள் ஆறின் பட்டியலையும் இணைத்திருப்பார்.

வாளியின் மூலப்பொருளும் அற்ப விஷயமல்ல. கடலின் மேற்பரப்பு வெப்பநிலையை அந்தக் காலக் கப்பல்கள் வாளியால் மொண்டு அளந்தன: முதலில் மர வாளி, பிறகு கான்வாஸ் வாளி. கான்வாஸில் ஈரம் ஆவியாகி, வெப்பமானியை வைப்பதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிடும். வேறு கப்பல்களோ இயந்திர அறைக்குள் இழுக்கும் நீரை அளந்தன. அது சற்றே வெதுவெதுப்பு. போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல்களின் இயந்திர அறை அளவீடுகள் மிகுந்திருந்தன. 1945இல் பிரிட்டிஷ் கப்பல்களின் வாளிகள் மீண்டும் பெருகியதும், பூமியின் சராசரி வெப்பநிலை திடீரென்று சுமார் 0.3 டிகிரி குறைந்ததுபோல் ஏட்டில் பதிவானது. பூமி குளிரவில்லை, வாளி மாறியது என்று 2008இல் நேச்சர் இதழில் ஒரு குழு சுட்டிக்காட்டியது. ஒரு கோளின் தட்பவெப்ப வரலாற்றையே வாளி இப்படிப் புரட்டிப்போடும் என்றால், பெங்களூரில் டிசம்பர் மாதக் காலையில் குளிக்கப்போகிறவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! பிளாஸ்டிக்கே ஏற்றது (மூன்றாம் மாடிக் குளியலறைக் கதவு, நீல மை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு இரண்டாம் மாடியில், கதவோடு காணவில்லை, இரண்டையும் ஒப்புநோக்கும் வாய்மொழி உரை, குழாயடி வரிசை, காலை ஆறரை மணி, உரையாசிரியர் பல் துலக்கிக்கொண்டிருந்ததால் சில இடங்கள் தெளிவில்லை).

இனி மறுப்புகள். போர்வைக் கட்சியினர் ராமானுஜனை முன்னிறுத்துவர். 1914இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த அவர் இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியும் சால்வையுமாகப் படுத்தார். பார்க்க வந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் கட்டிலைச் சோதித்தபோது, போர்வைகள் படுக்கையின் அடியில் ஒழுங்காகச் செருகிக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனவே முதல் ஆயத்தம் போர்வையே என்பது இவர்கள் வாதம். சான்று உண்மை, முடிவு பிழை. அங்கே போர்வை இருந்தது. இல்லாதது பயன்படுத்தும் முறை. முறை தெரியாமல் பயன்படாத பொருளைவிட, கவிழ்த்து வைத்திருந்தாலொழியத் தன் பயனைத் தானே விளக்கும் பொருள் மேலானது. இச்சான்று வாளிக்கே வலுச்சேர்க்கிறது.

கப்பல் கட்சியினர் இன்னும் கடுமையானவர்கள். 1930இல் பத்தொன்பது வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன சந்திரசேகர், கப்பலிலேயே வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டுவிட்டார். எனவே ஆயத்தம் என்றால் பாடத்தைப் படித்து யோசிப்பதுதான் என்பர். அந்த ஆயத்தம் அவரை எதற்கு ஆயத்தப்படுத்தியது என்று பார்க்க வேண்டும். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் தம் முடிவைச் சொல்லி அமர்ந்ததும், வானியலாளர் எடிங்டன் எழுந்து அதை நையாண்டி செய்தார்; அவை சிரித்தது. நோபல் பரிசு வந்தது 1983இல். கணக்குக்கு ஆயத்தமாகலாம், அவையின் சிரிப்புக்கு ஆக முடியாது. இந்த விடை போதாது என்போருக்கு இன்னொன்று: பயணத்திலேயே விண்மீன்களின் விதியைக் கணக்கிட வல்லவர்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரமாட்டார்கள். கோட்பாட்டுக்கு அடங்காத தரவை எல்லைக்கு வெளியே நிறுத்துவது வழிவழி வந்த ஆய்வு மரபு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோ 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். ஒருமுறை சேர்த்த அறிவு அடுத்த முறை சேரும்போது ஆயத்தமாக எண்ணப்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஷவர் இருக்கையில் வாளி எதற்கு என்போர் மே மாதத்தில் விடுதியில் தங்கிப் பார்த்தவர்கள் அல்லர். மக் பற்றிய மறுப்பு மக் அளவே ஆனது.

கடைசியாகச் சட்டச் சிக்கல் ஒன்று. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டு விதிமுறையில், ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு வாளிகளின் ஒப்புமை 60 விழுக்காட்டை எளிதில் தாண்டும் என்பதால், விடுதி மாணவர் அனைவரும் பதிவு ரத்துக்கு உரியவராகிறார்கள். ஒரே கட்டுரையைத் தலைப்பை மட்டும் மாற்றி நான்கு பன்னாட்டுக் கருத்தரங்குகளில் வாசித்து, நான்கு ஐஎஸ்பிஎன் தொகுதிகளில் அச்சேற்றியவர்களுக்கு நேராதது, பாவம், வாளிக்கு மட்டும் நேரக்கூடாது. தீர்வு எளிது: அழியாத மார்க்கரால் பெயர் எழுதுவது. எழுதுமிடம் அடிப்புறமல்ல, அது கவிழ்த்தால்தான் தெரியும். உட்புறமுமல்ல, தேய்த்துக் கழுவக் கழுவ மங்கும். வெளிப்பக்கம், விளிம்புக்குக் கீழே, கைப்பிடி பொருந்தும் இடத்துக்கு அருகில். ஊரிலிருந்து ரயிலில் தூக்கிவரத் தேவையில்லை. விடுதி வாசலுக்கு எதிர்க்கடையில் பக்கெட், மக், மார்க்கர் மூன்றும் கிடைக்கும். இந்த எழுத்து வேலையை மாணவர் அலட்சியமாகச் செய்யக்கூடாது. இனி வரும் ஆண்டுகளில் அவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பெயராக நெறியாளர் இருப்பார். நடுவில் கருவியை வைத்திருப்பவரும், கருவி இருக்கும் துறையின் தலைவரும், எதற்காகச் சேர்ந்தார் என்று யாரும் கேட்கத் துணியாத ஒருவரும் இருப்பார்கள். முனைவர் பட்டக் காலம் முழுவதிலும் அவர் தனி ஆசிரியராகப் பெயர் பொறிக்கப்போவது அந்த வாளியில் மட்டும்தான்.